காரணம் தெரியவில்லை

அந்தப் பேராசிரியரைப் பற்றி எனக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு ஆளாளுக்கு அவரைத் திட்டக் கிளம்பிவிடுவீர்கள். அவர் திருநெல்வேலிச் சீமை நாசரேத்துக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வேதத்தையும் கணக்கையும் ஒரே அளவு நம்பினார். எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் அவர் புள்ளியியல் துறைத் தலைவர். நான் அவருக்குக் கீழே விரிவுரையாளர். திரேஸ்புரத்தில் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் தெருவில் என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார்கள். ஆனால் நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டுவிட்டால், "என்னமோ எண்ணுத வேலையாம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

எண்ணுவது எங்கள் ஆட்களுக்கு ஆகாது. தோணி கிளம்பும்போது எத்தனை பேர் போகிறார்கள் என்று கரையில் நின்று கேட்டால், கேட்டவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வீடு திரும்புவான். தலை எண்ணி அனுப்பினால் எண்ணிக்கை குறைந்து திரும்பும் என்று பயம். நான் எம்.எஸ்சி. படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள். ஆனாலும் கடற்கரையில் நிற்கும்போது என்னை அறியாமல் கண்களைத் தாழ்த்திக்கொள்வேன்.

சென்னையில் ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு விருது கொடுத்துவந்தது. அரசாங்கம் வெளியிடும் புள்ளிவிவரங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, ஜனங்களுக்கு உபயோகப்படும்படி ஆராய்ச்சி செய்பவருக்கான விருது அது. இந்த 'மட்டுமே' விதிமுறைத் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது. வீடு வீடாகப் போய்த் தாமே கேட்டு எழுதுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியபடி எழுதிக்கொள்வார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான், அப்படி எழுதியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் விருது அறிவிப்போடு இன்னொரு செய்தியும் வந்தது. எங்கள் மாவட்டக் கடற்கரைக்கு ஒரு மீட்பு விசைப்படகு வாங்கிக் கொடுக்கப்போகிறார்கள். ஒயர்லெஸ், பெரிய விளக்கு, புயலில் போகக்கூடிய எஞ்சின் எல்லாம் உள்ள படகு. ஒரே ஒரு படகுதான். அதை எந்த ஊரில் நிறுத்துவது என்பதை, விருது பெறும் ஆய்வு என்ன சொல்கிறதோ அதை வைத்து முடிவு செய்வார்கள்.

பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். கையால் சுற்றுகிற கால்குலேட்டர் துறை அறையில் காலை முதல் மாலை வரை கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. ஜனன மரணக் கணக்கு, மக்கள்தொகைக் கணக்கு என்று அரசாங்கம் அச்சிட்ட புத்தகங்களை எல்லாம் வரவழைத்தார். அட்டவணைகளைச் சரிபார்ப்பது என் வேலை.

ஒருநாள் ஒரு பெரிய தாளை என் முன்னால் விரித்தார். இடது பக்கம் கடற்கரை ஊர்கள் வரிசையாக. வலது பக்கம் ஒவ்வொரு ஊரிலும் கடலில் இறந்தவர்கள். தெற்கே இருக்கிற ஊர்களுக்கு நேரே எல்லாம் எண்கள். திரேஸ்புரத்துக்கு நேரே ஒரு சின்னக் கோடு. யாரும் இறக்கவில்லை என்று அர்த்தம்.

"சார், இந்தக் கோட்ட அழிங்க" என்றேன்.

"ஏம்மா, தப்பா ஏறியிருக்கா?"

"தப்பா ஏறல சார். பொய்யா ஏறியிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

எனக்குப் பொறுமை குறைவு, அன்றும் இன்றும். "எங்க அண்ணன் அந்தக் கோட்டுக்குள்ளதான் சார் கெடக்கான்" என்றேன்.

என் அண்ணன் சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்தவன். முந்தைய வருஷம் வாடைக்காற்றுக் காலத்தில், திரும்புகிற வழியில் அவன் தோணி வந்து சேரவில்லை. முயல் தீவுக்கு வெளியே கிழிந்த பாயோடு ஒரு தோணி தத்தளிப்பதைச் சங்கு குளிக்கிறவர்கள் பார்த்தார்கள். கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். அந்தக் கடலில் போய் இழுத்துவர ஒரு படகு இல்லை. மழை இறங்கி மறைத்தது. மழை விட்டபோது அங்கே தோணி இல்லை.

பேராசிரியருக்கு நான் விளக்கிச் சொன்னேன். தெற்கத்தி ஊர்களில் கட்டுமரக்காரர்கள் கரையை ஒட்டி மீன்பிடிக்கிறவர்கள். மூழ்கினால் உடல் கரை ஒதுங்கும். போலீஸ் வரும், டாக்டர் வருவார், பதிவாகும். எங்கள் ஆட்கள் தொலைதூரம் போகிறவர்கள். கடல் அவர்களைத் திருப்பிக் கொடுப்பதில்லை. உடல் இல்லையென்றால் எங்கள் தெருவில் சாவு இல்லை. அழுகை இல்லை, பூசை இல்லை. மாதா கோயிலில், இறந்த விசுவாசிகளுக்காக வேண்டும்போது, வராதவர்களின் மனைவிமார்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பிரயாணத்தில் இருப்பவர்களுக்காக வேண்டும்போதுதான் தலை குனிவார்கள். கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரி கொளுத்தப் போகும். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்கள். தாலி கழுத்தில் கிடக்கும். ஏனென்றால், பெண்டாட்டி தன் வாயால் 'செத்துட்டாவ' என்று சொல்லிவிட்டால், அதுவரை எங்கோ ஒரு கரையில் உயிரோடு கிடப்பவனையும் கடல் எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். பிறகு, "அப்போ யாரும் பதிவே பண்ணல" என்றார்.

"எப்படிப் பண்ணுவாவ சார்?"

"இப்போ பண்ணலாமே. தாமதப் பதிவுன்னு ஒண்ணு சட்டத்துல இருக்கே. அச்சுக்குப் போறதுக்குள்ள பதிவாகிட்டா அது அரசாங்கக் கணக்கு. நான் எடுத்துக்கிடலாம். உங்க ஊருக்குத்தான் அந்த போட்டு வரணும்மா. எனக்குச் சந்தேகமே இல்ல."

முகமெல்லாம் பிரகாசமாகச் சொன்னார். அவருக்கு அது ஒரு விடுபட்ட எண். இருந்தாலும் அவர் சொன்னதில் நான் குற்றம் காணவில்லை. அந்தப் படகு முந்தைய வருஷம் இருந்திருந்தால் அண்ணன் வீட்டுக்கு வந்திருப்பான்.

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, வாய்க்காரி. ஆறு தெருவுக்குக் கேட்கும்படிச் சிரிப்பாள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், 'காலேஜ்' என்பாள். அண்ணன் வராமல்போன பிறகு சிரிப்பு மட்டும் குறைந்திருந்தது. நான் போனபோது முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாளா காலேஜ். என்ன, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். படகு, விருது, கணக்கு, பதிவு. அவள் கை நிற்கவே இல்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "உங்க அண்ணன என்னையக் கொல்லச் சொல்லுதியா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விலை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"மைனி, அவன்..."

"சொல்லாத. அந்தச் சொல்ல இந்த வீட்டுக்குள்ள கொண்டாராத. எந்திச்சிப் போ."

எழுந்து போனேன். அதோடு அந்தப் பேச்சை நானும் விட்டுவிட்டேன். அவளை மறுபடி தூண்ட எனக்கு மனமில்லை.

ஆவணி மாதத்தில் அவள் மகன் தோணியில் ஆளாகச் சேர்ந்தான். ஒரே மகன். அப்போதுதான் மீசை அடர்ந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே பேசுவான். புதுத் துறைமுகத்தில் வேலை இருக்கிறது, கரையிலேயே இரு என்று மதினி அழுதுபார்த்தாள், திட்டிப்பார்த்தாள், சோறு பொங்காமல்கூட இருந்துபார்த்தாள். "அங்கன போயிக் கல்லுச் செமக்கதுக்கா என்னையப் பெத்த?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "அத்தை, நீங்க சொல்லுங்க, கடல்ல விழுதவன் அதிகமா, லாரில அடிபடுதவன் அதிகமா? நீங்கதான கணக்கு வாத்திச்சி." எனக்குச் சிரிப்பு வந்தது. மதினிக்கு வரவில்லை.

மறுநாள் கல்லூரி முடிந்து நான் வருகிற பாதையில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த போட்டு வந்தா, நெசமாவே இங்கனதான் நிக்குமா?"

"கணக்கு சரியா இருந்தா நிக்கும் மைனி."

"துறைமுகத்துல கூண்டு ஏத்துன அன்னைக்கும் கடலுக்குப் போவுமா?"

"அதுக்குன்னே செஞ்ச போட்டு மைனி அது."

புயல் வரும்போது துறைமுகக் கம்பத்தில் ஏற்றுகிற கூண்டுதான் எங்கள் ஊருக்குக் காலண்டர், கடவுள் எல்லாம். அவள் அந்தக் கம்பம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. எழுதிக் குடுத்துருதேன். அவாளுக்குப் பூசையும் வச்சிருதேன். போனவாளுக்காக இருக்கவன விட முடியுமா?" என்றாள்.

மதினி ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் தெரு முழுக்க அவள் பின்னால் வரும். இதிலும் வந்தது. வருஷக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு கல்லறைத் திருநாளைக் கழித்தவர்கள், கிழவிகள்கூட, ஒவ்வொருவராக வந்து "என் வீட்டுக்காரரையும் எழுதிக்க" என்று என்னிடம் சொன்னார்கள். தாமதப் பதிவுக்கு வேண்டிய மனுக்கள், சாட்சிகள், மேலதிகாரி அனுமதி எல்லாவற்றையும் நான் ஓடியாடி முடித்தேன். ஒரு காலையில் எல்லாரும் கூட்டமாகப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நல்ல சேலை உடுத்தி, பூ வைத்து, தாலி தெரிய வந்திருந்தார்கள். கலியாண வீட்டுக்குப் போகிற கூட்டம் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

குமாஸ்தா வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். மதினியைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"என்னைக்கு எறந்தாவம்மா?"

மதினி என்னைப் பார்த்தாள். யாருக்குத் தெரியும்? தோணி மறைந்த அன்றா, அதற்கு மறுநாளா, எந்தக் கரையிலாவது ஒதுங்கிக் கிடந்து மாதம் கழித்தா?

"தெரியாதுய்யா."

"அப்பம் இன்னைக்குத் தேதியத்தான் போட முடியும். எதனால எறந்தாவ?"

"கடல்ல போய்ய்யா."

"டாக்டர் சீட்டு இருக்கா? போலீஸ்ல குடுத்த தாளு?"

"ஒடம்பு கெடச்சாத்தானய்யா டாக்டரு பாப்பாரு!"

குமாஸ்தா பேனாவை எடுத்தார். "அப்படின்னா காரணம் தெரியவில்லைன்னுதான் எழுதணும்."

எனக்குச் சுரீரென்றது. ஓடிப்போய் மேசைக்கு முன்னால் நின்றேன். கடலில் மூழ்கி இறந்தார் என்று எழுதுங்கள், ஊரே சாட்சி சொல்லும் என்று சத்தம் போட்டேன். அவர் விதிப் புத்தகத்தைப் பிரித்து, பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். விதி அப்படித்தான் இருந்தது. நான் அதிகாரி வரைக்கும் போய் வாதாடிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது மதினி கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். தேதிக்கு நேரே இன்றைய தேதி. காரணத்துக்கு நேரே, தெரியவில்லை. எல்லாருக்கும் அதேதான்.

"எழுதியாச்சா?" என்று மதினி குமாஸ்தாவிடம் கேட்டாள்.

"ஆச்சும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."



மறுவாரம் பங்குக்கோயிலில் பூசை. கறுப்புத் துணி போர்த்திய வெற்றுச் சவப்பெட்டியை நடுவில் வைத்தார்கள்; தும்பா என்போம். உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியைச் சுற்றி இத்தனை பெண்கள் அழுது நான் பார்த்ததில்லை. வருஷக்கணக்காக அடக்கி வைத்த அழுகை. பூசை பாதியில் இருக்கும்போது கடல் பக்கத்து ஜன்னல் வழியாகக் காற்று அடித்து மெழுகுதிரிகள் அத்தனையும் அணைந்தன. கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. ஜன்னலைச் சாத்தாதது உபதேசியாரின் மறதி என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது. பூசை முடிந்ததும் மதினி தாலியைக் கழற்றி மாதாவின் காலடியில் வைத்தாள். மகன் அன்று ஊரில் இல்லை. கொழும்புக்குப் போயிருந்தான்.

நான் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. காரணம் தெரியாத மரணத்தைக் கடல் மரணம் என்ற கட்டத்தில் அவர் எப்படிப் போடுவார்? அது அவராகவே எழுதிக்கொண்டதாகிவிடும். கோடு கோடாகவே இருந்தது. "அடிக்குறிப்புல விவரமா எழுதுதேம்மா. படிக்கவங்களுக்குப் புரியும்" என்றார். எழுதவும் செய்தார். நேர்மையான அடிக்குறிப்பு. அச்சில் அதைக் கடுகு எழுத்தில் போட்டார்கள்.

அதற்குள் அந்த மாதத்துக் கணக்கு மேலே போய்விட்டது. யாரோ ஒருவர், தம் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர், அதைப் படித்திருக்கிறார். திரேஸ்புரத்தில் ஒரே மாதத்தில், ஒரே தெருவில், இத்தனை ஆண்கள், காரணம் தெரியாமல். எந்த அதிகாரியும் கொள்ளைநோய் என்றுதானே நினைப்பார்? ஒரு காலையில் ஜீப்புகள் வந்து நின்றன. தெருவெங்கும் பிளீச்சிங் பவுடர். கிணற்றுக்குள் மருந்து. ஆள் விடாமல் காலரா ஊசி. எங்கள் கரை மீனைக் கொஞ்ச நாளைக்கு யாரும் வாங்கக் கூடாது என்று தமுக்கு. நான் ஊசி போடுகிற டாக்டரிடம் போய், இவர்கள் எல்லாரும் வெவ்வேறு வருஷங்களில் கடலில் போனவர்கள் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கையை நீட்டுங்கம்மா" என்றார்.

மதினி ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தாள். "உங்க அண்ணன் பேதில போயிட்டாவளாம்ளா" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

மீன் விற்காத கோபமெல்லாம் அந்தப் பெண்கள் மேல் திரும்பியது. வாயால் சொல்லக் கூடாததைச் சொன்னார்கள், இப்போது ஊருக்கே வந்துவிட்டது என்று ஆண்கள் அவர்கள் காதுபடவே பேசினார்கள். இது இத்தோடு முடியாது, இன்னும் இருக்கிறது என்றும் பேசினார்கள். நான் சண்டைக்குப் போனேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று.

ஐப்பசியில் விருது அறிவித்தார்கள். பேராசிரியருக்குத்தான். அவருடைய ஆய்வில் அதிக மரணம் காட்டிய தெற்கத்தி ஊர் ஒன்றில் படகை நிறுத்த உத்தரவாயிற்று. அந்த ஊர்க்காரர்களுக்கும் அது தேவைதான். அவர்கள் பிள்ளைகளும் கடலில்தான் போகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பேராசிரியர் சென்னைக்குப் போய்ப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வந்தார். வந்ததும் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடையில நான் அந்த அடிக்குறிப்பப் பத்தித்தாம்மா பேசினேன். உங்க ஊரப் பத்தி. முழுசாச் சொன்னேன்."

"என்ன சொன்னாவ சார்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "கை தட்டினாங்கம்மா" என்றார்.

கார்த்திகையில் கல்லூரியில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அன்று விடிந்ததே சரியில்லை. கடல் கறுத்து, சத்தமே இல்லாமல் வீங்கிக்கொண்டிருந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற காற்று திசை மாறி மாறி அடித்தது. துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏறியிருந்தது. கொழும்பிலிருந்து கிளம்பிய தோணிகள் முந்தைய நாளே வந்து சேர்ந்திருக்க வேண்டும். சில வந்தன. மதினி மகன் போன தோணி வரவில்லை. விழாவுக்கு வராமல் கரையிலேயே நின்றிருப்பேன். வரவேற்புரை என் பொறுப்பு என்று அச்சடித்துவிட்டார்கள்.

பேராசிரியர் சந்தனமாலையோடு உட்கார்ந்திருந்தார். பொதுமக்கள் நலன் என்று யாரோ மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் பின்வாசலில் மதினி வந்து நின்றாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். வெற்றுக் கழுத்து. காவலாளி தடுத்தான், அவள் அவனைப் பார்க்கவே இல்லை. நடுவழியில் நேராக நடந்து மேடைக்கு முன்னால் வந்தாள்.

"சார், அந்த போட்டு எங்கன நிக்கி?"

மைக் நின்றது.

"எம் மவன் தோணி தீவுக்கு அங்கிட்டு நிக்காம். கூட வந்த தோணிக்காரவ பாத்துட்டு வந்து சொல்லுதாவ. பாய்மரம் முறிஞ்சி கெடக்காம். போட்ட வரச் சொல்லுங்க சார்."

பேராசிரியர் மாலையைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே இறங்கிப் பிரின்சிபால் அறைக்கு ஓடினார். நானும் மதினியும் பின்னால் ஓடினோம். படகு நிற்கிற ஊருக்கு டிரங்க்கால் போட்டு, கிடைக்காமல், மறுபடி போட்டு, கத்திக் கத்திப் பேசினார். அவர் தோள்பட்டை மெல்ல மெல்லத் தொய்வதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இந்தக் காத்துல அவ்வளவு தூரம் எதிர்த்து ஏறி வர முடியாதாம்மா. பக்கத்துலன்னா போயிருவோம்ங்காங்க. கூண்டு எறங்குனதும் வருவாங்களாம்."

மதினி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கூண்டு ஏற்றிய அன்றைக்கென்றே செய்த படகு என்று அவளிடம் சொன்னது நான். அவள் திரும்பி மழைக்குள் நடந்தாள்.

கூண்டு இறங்கியதும் படகு வந்தது. நல்ல படகுதான், வெள்ளையடித்து அழகாக இருந்தது. தீவைச் சுற்றி, தீவுக்கு அப்பாலும் வெகுதூரம் தேடினார்கள். கடல் அன்று தட்டில் வைத்த தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அவர்களுக்கு ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

மாசியில் பேராசிரியர் திரேஸ்புரத்துக்கு வந்தார். பதக்கத்தைக் கல்லூரி அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். இனி எந்த விருதுக்காகவும் இல்லை, அச்சான புத்தகங்களை நம்பியும் இல்லை. தானே வீடு வீடாகப் போய், கடலுக்குப் போய் வராதவர்கள் அத்தனை பேரையும் எழுதி, எங்கள் ஊருக்கும் ஒரு படகு கேட்கப்போவதாகச் சொன்னார். அந்த வெயிலில் அவர் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. முதல் வீடாக மதினி வீட்டுக்குத்தான் கூட்டிப்போகச் சொன்னார்.

மதினி அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். மகனின் சட்டை துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு, குரலை மிகவும் தாழ்த்தி, "உங்க மகனப் பத்தி ரெண்டு விவரம் மட்டும் கேட்டுக்கிடலாமாம்மா? வயசு என்ன?" என்றார்.

"அவன் வந்ததும் அவங்கிட்டயே கேட்டுக்கிடுங்க சார்" என்றாள் மதினி.

அவளே மறுபடி சொன்னாள், நிதானமாக, பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி.

"அவன் அப்பன நான் வாயால சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். அதுக்கப்புறந்தான் கடல் அவாள எடுத்துச்சி. அதுவரைக்கும் அவாளுக்கு ஒண்ணும் ஆவல, எனக்குத் தெரியும். இவன நான் சொல்ல மாட்டேன்."

இல்லை என்று அவளிடம் சொல்ல என்னிடம் எல்லாம் இருந்தது. படித்த படிப்பு, நடத்துகிற பாடம், இத்தனை மாதம் கழித்து ஒருவன் உயிரோடிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று போட்டுக் காட்டுகிற கணக்கு. கையெழுத்துப் போட்டதால் யாரும் சாவதில்லை மைனி, அண்ணன் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டான் என்று சொல்லலாம். நான் கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் பேனாவைத் திறந்தபடியே என் பக்கம் திரும்பினார். "நீங்க அவனுக்கு அத்தைதானேம்மா? நீங்க சொன்னாலும் போதும். வயசு மட்டும்."

அவன் பிறந்தபோது மருத்துவச்சி கையிலிருந்து முதலில் வாங்கியவள் நான். நாளும் தெரியும், நேரமும் தெரியும். மதினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.